நொண்டல் நின்ற பிறகுதான் சிகிச்சை தொடங்குகிறது: ஒரு பந்தயக் குதிரையுடன் பெற்ற அனுபவம்

மனிதர்களுக்கு இயன்முறை சிகிச்சை அளிப்பது என் தொழில். மூட்டு அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களையும் பக்கவாதத்திலிருந்து மீள்பவர்களையும் நடக்கப் பழக்கிவந்த நான், சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய குதிரையேற்றப் பள்ளி ஒன்றில், கால்நடை மருத்துவர் ஒருவர் அழைத்ததன்பேரில், அவருடைய மேற்பார்வையிலேயே குதிரைகளுக்கும் இப்பணியைச் செய்யத் தொடங்கினேன். அங்கே எனக்கு மிகுதியாகக் கற்றுத்தந்தது, கிண்டியில் ஓடி ஓய்வுபெற்றுச் சவாரிப் பயிற்சிக்காகக் கொண்டுவரப்பட்ட, தரோபிரெட் என்னும் பந்தய இனத்தைச் சேர்ந்த ஒரு குதிரை. இடது முன்னங்காலின் பின்புறத் தசைநாணில், அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நாரில், கிழிசலோடு அது எங்களிடம் வந்தது. மறுபடி ஆளை ஏற்றிக்கொண்டு ஓடும் நிலையை அடைய ஓராண்டுக்கு மேலாயிற்று. அந்தக் காலம் முழுவதும் நான் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை ஒன்று உண்டு. குதிரை நொண்டுவதை நிறுத்துவதற்கும் அதன் தசைநாண் உள்ளே ஆறுவதற்கும் இடையே பல மாதங்கள் இருக்கின்றன. அந்த மாதங்களில் அதை எப்படி நடத்துகிறோம் என்பதே அதன் எஞ்சிய வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது.

குதிரையின் கால் அமைப்பை அறிந்தால் இது எளிதில் விளங்கும். முன்னங்காலில் முட்டிக்குக் கீழேயும் பின்னங்காலில் அதற்கு இணையான மூட்டுக்குக் கீழேயும் காலை இயக்கும் தசை என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை; எலும்பு, தசைநாண்கள், இணைப்புநார்கள், தோல், முடிவில் குளம்பு, அவ்வளவே. மேலே இருக்கும் தசைகள் இழுக்க, நீண்ட தசைநாண்கள் அந்த இழுப்பைக் கீழே கொண்டுசெல்கின்றன. அவற்றுள் காலின் பின்புறத்தில் தோலை அடுத்து ஓடும் மேல்மடக்குத் தசைநாண், குதிரை பாயும்போது இழுபட்டு நீண்டு ஆற்றலைத் தேக்கிக்கொண்டு, கால் மேலெழும்போது அதைத் திருப்பித் தருகிறது. 450 முதல் 500 கிலோ எடையுள்ள ஒரு தரோபிரெட், நிற்கும்போதே தன் எடையில் ஏறத்தாழ 60 சதவீதத்தை முன்னங்கால்களில்தான் தாங்குகிறது. முழுவேகப் பாய்ச்சலில் ஒரு கணம் ஒரே முன்னங்கால் உடல் எடையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட விசையை ஏற்க நேர்கிறது. தாங்குதிறனின் எல்லைக்கு அருகிலேயே உழைக்கும் உறுப்பு என்பதால்தான் பந்தயக் குதிரைகளில் இந்தத் தசைநாண் இவ்வளவு அடிக்கடி காயப்படுகிறது.

காயம் ஆறும் முறையையும் சொல்ல வேண்டும். தசைநாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு. ஆகவே அது மெல்லத்தான் ஆறும். கிழிந்த இடத்தில் முதலில் உருவாவது மூன்றாம் வகைக் கொலாஜன் என்னும் மெலிந்த, ஒழுங்கற்ற இழை. அதன் இடத்தை உறுதியான முதல்வகைக் கொலாஜன் பிடிக்கவும், இழைகள் காலின் நீளவாட்டில் வரிசைப்படவும் 9 மாதங்கள் முதல் ஓராண்டு வரை, சில குதிரைகளில் அதற்கு மேலும் ஆகிறது. வலியும் வீக்கமுமோ சில வாரங்களிலேயே அடங்கிவிடும். கயிறு திரிப்பவர் நாரை அளவாக இழுத்துப் பிடித்தால்தான் முறுக்கு சீராக விழும். தளர விட்டால் சிக்கும், மிகுதியாக இழுத்தால் அறும். புதிய இழைகளும் அப்படித்தான். குதிரையை மாதக்கணக்கில் லாயத்தில் கட்டியே வைத்தால் தழும்பு ஒழுங்கில்லாமல் உருவாகி அருகிலுள்ள திசுக்களோடு ஒட்டிக்கொள்ளும். முன்கூட்டி ஓடவிட்டால் மீண்டும் கிழியும். இவ்விரண்டுக்கும் நடுவே, ஒவ்வொரு வாரத்துக்கும் உரிய அளவு பளுவைக் கண்டறிந்து கொடுப்பதுதான் இயன்முறை மருத்துவரின் பணி. மசாஜும் கருவிகளும் இதற்குத் துணை மட்டுமே.

எல்லாவற்றுக்கும் முன்பாகக் கால்நடை மருத்துவரின் நோயறிதல் வேண்டும். குளம்புக்குள் சீழ் கட்டியிருந்தாலும் குதிரை நொண்டும், எலும்பில் மயிரிழை விரிசல் இருந்தாலும் நொண்டும், தசைநாண் கிழிந்திருந்தாலும் நொண்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மூன்றும் ஒன்றுபோலவே தோன்றலாம். விரிசல் உள்ள காலை நீவிவிட்டு நடக்கவைத்தால் அது முழு முறிவாகிவிடக் கூடும். எங்கள் குதிரைக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்தபோது, வெண்மையாகத் தெரிய வேண்டிய தசைநாணின் நடுவில் கருமையாக ஒரு பகுதி தெரிந்தது. கிழிசலின் அளவையும் நீளத்தையும் குறித்துக்கொண்ட பிறகுதான் மருத்துவர் என்னைக் கைவைக்க அனுமதித்தார். இந்தியாவில் 1984-ஆம் ஆண்டின் இந்திய கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டத்தின்படி, நோயறிதலும் மருந்து எழுதுவதும் பதிவுபெற்ற கால்நடை மருத்துவருக்கு உரியவை. விலங்குகளுக்கான இயன்முறை சிகிச்சை நெடுங்காலமாக ஒரு தனித்தொழிலாக வளர்ந்துள்ள பிரிட்டனிலும், கால்நடை மருத்துவர் ஒப்புக்கொள்ளாமல் இயன்முறை மருத்துவர் விலங்குக்குச் சிகிச்சை அளிக்கச் சட்டம் இடம் தருவதில்லை. ஆகவே ‘ஸ்கேன் எல்லாம் எதற்கு, நான் தொட்டே சொல்லிவிடுவேன்’ என்று ஒருவர் முன்வந்தால், அவரிடம் உங்கள் குதிரையை ஒப்படைக்க வேண்டாம் என்றே சொல்வேன்.

மனித நோயாளி எங்கே வலிக்கிறது என்று வாயால் சொல்லிவிடுவார். குதிரையோ வேட்டையாடப்பட்ட இனத்தின் வழிவந்தது. வலியைக் கூடியவரை மறைக்கும். அதனால் பார்வையையும் கையையும் பழக்க வேண்டியிருக்கிறது. கெட்டியான சமதளத்தில் குதிரையை நேர்கோட்டில் டிராட் எனப்படும் மெல்லோட்ட நடையில் ஓட்டிப் பார்க்கும்போது, வலியுள்ள முன்னங்கால் தரையில் ஊன்றும் கணத்தில் தலை மேலே எழும். நல்ல கால் ஊன்றும்போது தலை தாழும். பின்னங்காலில் வலி என்றால் இடுப்பின் இருபுறமும் ஒரே அளவாக ஏறி இறங்காது. இவற்றை நேரில் பார்த்துப் பழகும்வரை கைப்பேசியில் படம்பிடித்து மெதுவாக ஓட்டிப் பார்ப்பது பெரிதும் உதவுகிறது. முகமும் பேசும். 2014-இல் வெளியான குதிரை முகக்குறி அளவுகோல் ஆறு அடையாளங்களைக் கணக்கில் கொள்கிறது: விறைத்துப் பின்சாய்ந்த காதுகள், சுருங்கிய கண்ணிமை, கண்ணுக்கு மேல் இறுக்கம், புடைத்த தாடைத் தசை, இறுகிய வாய், விறைத்த மூக்குத்துளை. நான் தசைகளை அழுத்திப் பார்க்கும்போது என் விரலைவிடக் குதிரையின் முகத்தையே அதிகம் கவனிக்கிறேன்.

தொடக்கக் கட்டத்தில் செய்ய வேண்டியவை எளியவை, ஆனால் ஒன்றைக்கூட விடக்கூடாதவை. காலில் 15 முதல் 20 நிமிடம் வரை குளிர்ந்த நீரைப் பாய்ச்சுவது, அதை ஒரு நாளில் பலமுறை செய்வது. சென்னையின் கோடையில் மேல்தொட்டி நீர் சுடும் என்பதால் நாங்கள் பனிக்கட்டி கலந்த நீரைப் பயன்படுத்தினோம். புதிய காயத்தின்மேல் சூட்டு ஒத்தடம், காரமான களிம்பு, சூடுபோடுதல் போன்ற எதுவும் கூடாது. கட்டுப் போடுவதில் தனிக்கவனம் தேவை: அடியில் தடித்த பஞ்சுப்படலம் இல்லாமலோ, ஓரிடத்தில் இறுக்கமாகவும் மற்றோரிடத்தில் தளர்வாகவும் சுற்றினாலோ, கட்டே தசைநாணைக் காயப்படுத்திவிடும். காயமில்லாத எதிர்ப்புறக் காலுக்கும் கட்டுப் போட வேண்டும், ஏனெனில் கூடுதல் பளு முழுவதையும் அதுதான் சுமக்கிறது. அமெரிக்காவில் 2006-இல் கென்டக்கி டெர்பியை வென்ற பார்பரோ என்ற குதிரையின் கதை இதற்குச் சான்று. அடுத்த பந்தயத்தில் வலது பின்னங்கால் நொறுங்கியதும் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். முறிந்த கால் தேறிவந்தபோது, எடையைச் சுமந்த இடது பின்னங்காலின் குளம்பில் அழற்சி கண்டது. மாதக்கணக்கான போராட்டத்துக்குப் பின் 2007 ஜனவரி 29 அன்று அதைக் கருணைக்கொலை செய்ய நேர்ந்தது. நல்ல காலின் குளம்பைத் தினமும் தொட்டுச் சூடு பார்ப்பதும், குளம்புக்கு மேலுள்ள நாடித்துடிப்பு வலுத்திருக்கிறதா என்று உணர்வதும் இதனால்தான்.

தீனியையும் உடனே மாற்ற வேண்டும். வேலை செய்யாத குதிரைக்குப் பந்தயக் குதிரையின் ஓட்ஸும் கொள்ளும் கொடுத்தால், உடலில் கொழுப்பு ஏறுவதோடு, மீண்டும் நடக்கத் தொடங்கும்போது தசை விறைப்பு நோயும் வரலாம். தானியத்தைக் குறைத்து, உலர்புல்லைப் பகுதி பகுதியாக நாள் முழுவதும் கிடைக்கச் செய்தோம். நின்றே கிடக்கும் குதிரைக்குக் குடலியக்கமும் மந்தமாகும். சாணத்தின் அளவையும் ஈரத்தையும் குடிக்கும் நீரையும் கவனிப்பது வயிற்றுவலியை முன்கூட்டியே தடுக்கும்.

இனி, என் கருத்தில் மிக முக்கியமான கட்டம். சில வாரங்களில் எங்கள் குதிரை நொண்டுவதை நிறுத்தியது. கால் மெலிந்து பழைய வடிவத்துக்கு நெருங்கியது, கண் பிரகாசித்தது, லாயத்தின் கதவை உதைத்து வெளியே விடச் சொன்னது. ‘நன்றாகத்தானே இருக்கிறது, இன்னும் ஏன் கட்டிவைத்திருக்கிறீர்கள்?’ என்று பார்த்தவர் எல்லாரும் கேட்டார்கள். ஸ்கேனில் அந்தக் கருமை இன்னும் இருந்தது. இத்தகைய காயத்துக்கு மருத்துவர்கள் பொதுவாக எழுதும் அட்டவணை பொறுமையைச் சோதிப்பது: தொடக்கத்தில் கையில் பிடித்து 5 முதல் 10 நிமிட நடை, நாளுக்கு இருமுறை, காலில் சூடோ வீக்கமோ இல்லையென்றால் வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டுவது, மூன்றாம் மாதத்தில் 30 முதல் 40 நிமிடம், அப்போது மீண்டும் ஸ்கேன், அது நன்றாக இருந்தால் மட்டும் ஆள் ஏறி நடை, அதன்பின் நேர்கோட்டில் சில நிமிட டிராட், டிராட்டைவிட வேகமான கேண்டர் ஓட்டமும் முழுவேகப் பாய்ச்சலும் அதற்கும் வெகுநாள் கழித்து, ஒவ்வொரு பெரிய படிக்கு முன்பும் ஒரு ஸ்கேன். நாட்காட்டியைப் பார்த்து அடுத்த படிக்கு ஏறக்கூடாது. ஸ்கேனும் காலும் சொல்வதைக் கேட்டு ஏற வேண்டும்.

நடக்கவைப்பதிலும் முறை இருக்கிறது. தளம் சமமாகவும் ஓரளவு கெட்டியாகவும் இருக்க வேண்டும். வளைவுகள் அகலமாக இருக்க வேண்டும். குறுகிய வட்டத்தில் சுற்றவிடுவது காலை முறுக்கும். குதிரை தூங்கி வழிந்து நடப்பதில் பயன் குறைவு. தலையைத் தாழ்த்தி, முதுகைத் தளர்த்தி, சீரான அடிவைப்போடு நடக்க வேண்டும். நெடுநாள் கட்டிக்கிடந்த பந்தயக் குதிரை வெளியே வந்ததும் துள்ளும். அந்த ஒரு துள்ளலே இரண்டு மாத உழைப்பைக் கெடுத்துவிடும். ஆகவே ஆரவாரமில்லாத நேரத்தில், அமைதியான வேறொரு குதிரையைப் பக்கத்தில் நடக்கவிட்டு அழைத்துச் சென்றோம். தொடக்க நாட்களில் மருத்துவர் லேசான மயக்கமருந்தும் கொடுத்தார். பிடிப்பவர் தலைக்கவசமும் கையுறையும் அணிய வேண்டும், கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. காலுக்குச் சிகிச்சை செய்பவரும் தரையில் முட்டியிட்டோ சம்மணமிட்டோ உட்காரக் கூடாது. குந்தியிருந்தால்தான் சட்டென விலக முடியும்.

கடற்கரைக்கு அருகில் இருப்பதால் ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மணல் மென்மையானது, எனவே காயப்பட்ட காலுக்கு நல்லது என்று இங்கே பலர் நம்புகிறார்கள். உலர்ந்த ஆழமான மணலில் குளம்பு புதைகிறது. காலை இழுத்தெடுக்கத் தசைநாண்கள் கூடுதலாக உழைக்கின்றன. தேறிவரும் தசைநாணுக்கு அது பெரும் தீங்கு. அலை வந்து போகும் ஓரத்தில் இறுகிய ஈரமணலில் நடப்பது வேறு. அதையும் பிந்திய கட்டத்தில், மருத்துவர் ஒப்பிய பிறகே செய்தோம்.

இந்த முழுச் சிகிச்சையிலும் என்னைவிட அதிகம் செய்தவர் அந்தக் குதிரையின் சைஸ், அதாவது அதைப் பராமரிக்கும் பணியாளர். நான் வாரத்தில் சில நாட்கள் வந்துபோகிறவர்; அவர் இரவிலும் லாயத்துக்குப் பக்கத்திலேயே படுப்பவர். காலையில் வேலைக்கு முன்பாகப் புறங்கையால் இரண்டு முன்னங்கால்களையும் மேலிருந்து கீழாகத் தடவி, சூட்டில் வேறுபாடு உண்டா என்று பார்க்கும்படியும், மயிரைக் கத்தரித்து அடையாளமிட்ட இடத்தில் அளவுநாடாவால் சுற்றளவு எடுக்கும்படியும் அவரிடம் கேட்டுக்கொண்டேன். அவரோ அதற்கும் மேல் கவனித்தார். ‘அம்மா, நேற்று ராத்திரி இது காலை முன்னால் நீட்டி வைத்துக்கொண்டே நின்றது, படுக்கவே இல்லை’ என்று ஒருநாள் அவர் சொன்னபோது, கைக்கு எந்தச் சூடும் தென்படவில்லை. இருந்தும் மருத்துவரிடம் தெரிவித்தோம். ஸ்கேனில் காயத்தின் ஓரத்தில் சிறிய மாற்றம் தெரிந்தது. உடனே முந்தைய வாரத்தின் அளவுக்குத் திரும்பினோம், குதிரை பெரிய சேதம் இல்லாமல் தப்பியது. வலிமருந்து கொடுத்துவந்த நாட்களில் நடையின் அளவை உயர்த்துவதில்லை என்ற விதியும் இதையொட்டியே எங்களுக்குள் உறுதிப்பட்டது. மருந்தின் மறைவில் நன்றாக நடக்கும் கால் நமக்கு எதையும் சொல்வதில்லை. விலையுயர்ந்த கருவி வாங்கத் தயங்காத லாயங்கள், சைஸ்களுக்கு நல்ல ஊதியமும் முறையான பயிற்சியும் தரத் தயங்குவதைக் காணும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. எந்தக் கருவியும் அந்த இரவுச் செய்தியைச் சொல்லியிருக்காது.

கால் ஆறும் காலத்தில் உடலின் மற்ற பகுதிகளும் கெடுகின்றன. வலியுள்ள காலைத் தவிர்த்து நின்றதால் எங்கள் குதிரையின் கழுத்தின் கீழ்ப்பகுதித் தசைகள் இறுகி, முதுகெலும்பின் இருபுறமும் தசை குழிந்திருந்தது. நீவுதலால் இறுக்கம் தளர்ந்தது. ஆனால் இழந்த தசையைத் திரும்பப் பெற உதவியது கேரட் பயிற்சிதான். குதிரையைச் சமதளத்தில் நான்கு கால்களும் சீராக ஊன்ற நிறுத்தி, கேரட்டைக் காட்டி மோவாயை மார்புக்கும், முன்முட்டிகளுக்கு நடுவிலும், பிறகு குளம்புகளுக்கு அருகிலும் கொண்டுவரச் செய்வது. அடுத்து பக்கவாட்டில் விலாவுக்கும் இடுப்புக்கும் நீட்டச் செய்வது. ஒவ்வொரு நிலையிலும் சில நொடிகள் நிற்க வேண்டும், கேரட்டைப் பறித்துக்கொண்டு உடனே திரும்பினால் பயன் இல்லை. நெரெல் ஸ்டப்ஸ், ஹிலாரி கிளேட்டன் ஆகியோர் உள்ளிட்ட குழு 2011-இல் வெளியிட்ட ஆய்வில், 8 குதிரைகளுக்கு வாரம் 5 நாள், ஒவ்வொரு அசைவும் 5 முறை என 3 மாதங்கள் இப்பயிற்சியை அளித்தபோது, முதுகெலும்பை நிலைநிறுத்தும் ஆழ்தசை பருத்திருந்தது. ஆள் ஏறாமலே, லாயத்துக்குள்ளேயே, செலவின்றிச் செய்யக்கூடிய பயிற்சி இது. பக்கவாட்டு நீட்சி எடையை ஒரு காலுக்கு மாற்றுவதால், காயம் புதிதாக இருக்கும்போது அதைத் தவிர்த்தோம்.

லேசர், மின்தூண்டல், அதிர்வலை போன்ற கருவிகளைப் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். தக்கவர் கையில் அவற்றுக்கு இடம் உண்டு. லேசர் என்றால் மனிதர், குதிரை இருவர் கண்ணுக்கும் பாதுகாப்பு வேண்டும். அதிர்வலைச் சிகிச்சைக்குப் பின் சில நாட்கள் வலியுணர்வு மழுங்கலாம் என்பதால்தான் சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு போட்டிக்கு முந்தைய 5 நாட்களில் அதைத் தடைசெய்திருக்கிறது. அந்நாட்களில் குதிரை நன்றாக நடப்பதைக் கண்டு பளுவைக் கூட்டிவிடக் கூடாது.

டிராட் தொடங்கும் முன்பு இரண்டு பேரை அழைத்தோம். லாடம் அடிப்பவர் குளம்பின் முன்நீளத்தைச் சீர்செய்தார். முன்பகுதி நீண்ட குளம்பு தரையிலிருந்து எழத் தாமதிக்கும், அதன் விலையைக் காலின் பின்புறம் கொடுக்கும். ஆறு வாரத்துக்கு மேல் அவர் வருகையைத் தள்ளிப்போடுவதில்லை. சேணம் பொருத்துபவர் வந்து பார்த்தபோது, முதுகின் தசை மாறியிருந்ததால் பழைய சேணம் தோள்பட்டையை அழுத்துவது தெரிந்தது, அதையும் மாற்றினோம். பிறகு தரையில் கட்டைகளை ஏறத்தாழ முக்கால் மீட்டர் முதல் ஒரு மீட்டருக்குள் இடைவெளிவிட்டு, குதிரையின் அடிநீளத்துக்கேற்பக் கிடத்தி, நடையில் தாண்டவைத்தோம். காலைத் தூக்கி வைக்கவும் வயிற்றுத் தசையைப் பயன்படுத்தவும் அது கற்றுக்கொடுக்கிறது.

சென்னையின் வெப்பமும் ஈரமும் வேறொரு கவலை. இத்தகைய காலநிலையில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோகும். வேலைக்குப் பிறகு உடல் உலர்ந்திருக்க மூச்சு மட்டும் வேகமாக வாங்கும். விடியலில் பயிற்சியை முடித்துவிடுவதும், மூச்சும் நாடியும் இயல்புக்குத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துவைப்பதும் எங்கள் வழக்கமாகின. ஓய்விலுள்ள குதிரையின் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். வேலை முடிந்து வெகுநேரம் ஆகியும் அது இறங்காவிட்டால் வெப்பமோ, வலியோ, வேறு நோயோ என்று மருத்துவரைக் கேட்க வேண்டும்.

இப்போது அந்தக் குதிரை பள்ளியில் தொடக்கநிலை மாணவர்களைச் சுமந்து நடக்கிறது, டிராட் ஓடுகிறது, நேர்ப்பாதையில் கேண்டரும் செய்கிறது. தடை தாண்டவும் நெடும்பாய்ச்சலுக்கும் அதை அனுப்புவதில்லை என்று மருத்துவரும் பள்ளியினரும் நானும் சேர்ந்து முடிவெடுத்தோம், ஏனெனில் ஆறிய தசைநாண் பழைய மீள்திறனை முழுமையாகப் பெறுவதில்லை. மறுகாயத்துக்கான வாய்ப்பு வாழ்நாள் முழுவதும் இருக்கிறது. வேலைக்குப் பின் குளிர்நீரும், காலையில் புறங்கைத் தடவலும், அளவுநாடாக் குறிப்பேடும் இன்றும் தொடர்கின்றன. அதே லாயத்துக்குப் புதிதாக வந்திருக்கும் இளம் சைஸ் ஒருவருக்கு அவற்றை மூத்தவரே கற்றுக்கொடுத்துவருகிறார்.